பையில் கிடக்கும் கடிதம்

(பாரிஸ் லா சப்பலில் பெற்றாரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில், பிள்ளைகளின் கண்பார்வை பற்றி, பார்வையை அளந்து கண்ணசைவைப் பார்க்கும் ஓர்தோப்திஸ்த் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை பின்னேரம் லா சப்பலுக்கு வந்த சனத்தை ஒரு மண்டபத்துக்குள் இருத்தி வைப்பது லேசான காரியம் இல்லை. கீழே ஃபோபூர் சன்-தெனி வீதிக் கடைகளில் முருங்கைக்காயும் மீனும் வாங்க வேண்டும், சாமான் பையோடு கார் து நோரில் ரயில் பிடித்து சார்செலுக்கும் லா கூர்னேவுக்கும் திரும்ப வேண்டும். உங்கள் அவசரம் எனக்குத் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்கிறார்கள். ஏதோ சரியில்லை என்று கண்டால் பள்ளி வைத்தியரோ தாதியோ ஒரு கடிதம் எழுதி, பிள்ளையின் கொப்பிக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார். பிள்ளையைக் கண் வைத்தியரிடம் காட்டுங்கள் என்பதுதான் அதில் உள்ள செய்தி. கண் வைத்தியர் நிரப்பித் திருப்பி அனுப்புவதற்கு அடியில் ஒரு துண்டும் இருக்கும். எழுதியவரைப் பொறுத்தவரை அவருடைய வேலை அத்துடன் முடிந்தது. அந்தக் கடிதம் பையில் ஏறிய நாளுக்கும், பிள்ளை கண் வைத்தியரின் கதிரையில் ஏறி இருக்கிற நாளுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் நான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

முதலில் அந்தக் கடிதத்தை வீட்டில் யார் வாசிக்கிறார்கள்? அப்பா ரெஸ்ரோறன்ற் குசினியில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருப்பார். அம்மா விடியற்காலையில் கிளீனிங் வேலைக்குப் போய் வந்து சமையலில் நிற்பார். வீட்டில் பிரெஞ்சு சரளமாக வாசிக்கிற ஆள் அந்தப் பிள்ளைதான். வங்கிக் கடிதமும், குடும்பக் கொடுப்பனவு அலுவலகமான கஃப் அனுப்பும் கடிதமும் அதுதான் வாசிக்கிறது. தன் கண்ணைப் பற்றிய கடிதத்தையும் அதுவே வாசித்துச் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? "கண் செக் பண்ணினவை அம்மா." அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பயந்த பிள்ளை என்றால் அதையும் சொல்லாது. பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வேலையை அதனிடம் கொடுத்தவர்கள் நாங்கள்.

அடுத்தது, அம்மாவுக்கு விஷயம் விளங்கினாலும் அவர் பிள்ளையைப் பார்க்கிறார். ஓடுகிறது, விளையாடுகிறது, தரையில் விழுந்த சின்ன ஊசியைக் கூட எடுத்துத் தருகிறது. "இவனுக்குக் கண் தெரியாது என்று ஆர் சொன்னது?" கடிதம் மேசை லாச்சிக்குள் போகிறது.

பிள்ளை ஊசி எடுக்கும், உண்மைதான். ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் போதும், எல்லாம் செய்யும். ஒரு கண் மட்டும் மங்கிய பிள்ளை ஒருநாளும் முறையிடாது. பிறந்ததிலிருந்தே அப்படிப் பார்த்த பிள்ளைக்கு உலகம் அப்படித்தான் இருக்கும். இரண்டு கண்ணாலும் தெளிவாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாத போது, தனக்கு ஒன்று குறைகிறது என்று அது எப்படிச் சொல்லும்? அதனால் பிள்ளை சொல்லட்டும் என்று காத்திருக்கிற பெற்றார் பிள்ளைக்குப் பத்து வயதாகும் வரை காத்திருக்கிறார்கள். பத்து வயதில் வந்தால் எங்களால் செய்யக்கூடியது குறைந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். பார்ப்பது கண் என்று நினைக்கிறோம். கண் படம் பிடித்து அனுப்புகிறது, பார்ப்பது மூளை. குழந்தையின் மூளை பார்க்கப் பழகுவது முதல் ஏழெட்டு வருடங்களுக்குள். அந்தக் காலத்தில் ஒரு கண் உள்ளே திரும்பியிருந்தால், அல்லது ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் கூட இருந்தால், மூளைக்கு இரண்டு ஒவ்வாத படங்கள் வருகின்றன. ஒரே அறையில் இரண்டு ரேடியோ இரண்டு பாட்டுப் படித்தால் ஒன்றை நிறுத்துவோமா இல்லையா, மூளையும் அதைத்தான் செய்கிறது. மங்கிய படத்தை நிறுத்திவிடுகிறது. நிறுத்தியது நிறுத்தியதாகவே வருடங்கள் போனால், பிறகு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணால் தெளிவாகப் பார்க்க மூளை பழகவில்லை. இதை இங்கே அம்ப்லியோப்பி என்பார்கள். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். ஒரு மத்தெர்னெல், அதாவது பாலர் பள்ளி, வகுப்பில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, பிறகு திறந்து பார்த்து, குட்டிப்பருவத்தில் மூடிய கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இணைப்புகள் எப்படிக் குன்றுகின்றன என்று காட்டினார்கள். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்த நோய்க்கு வைத்தியம் 1981க்கு மிக முந்தியது, அதில் பாரிஸுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஜார்தன் தெ பிளாந்த் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். அந்தப் பூங்காவை நடத்திய புஃபோன் என்ற இயற்கை விஞ்ஞானி 1743இலேயே வாக்குக்கண்ணைப் பற்றி அறிவியல் கழகத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு கண்ணுக்கும் பலம் சமமில்லாததுதான் காரணம், நல்ல கண்ணை மூடிவைத்துப் பலமில்லாத கண்ணுக்கு வேலை கொடுங்கள் என்பது அவர் சொன்ன வழி. இன்றைக்கு நாங்கள் பிள்ளையின் நல்ல கண்ணில் பிளாஸ்ரர் ஒட்டுகிறோமே, அதே வழிதான்.

எனக்கு இன்னும் பிடித்தவர் எமில் ஜவால். 1839இல் பாரிஸில் பிறந்தவர். அதே வருடம்தான் பெர்லினில் டீஃபென்பாக் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் வாக்குக்கண்ணுக்கு முதல் வெற்றிகரமான ஆபரேஷனைச் செய்தார். அந்தக் காலத்து ஆபரேஷன்களில் உள்ளே திரும்பிய கண் வெளியே திரும்பிப் போவதும் உண்டு. ஜவாலின் தங்கை சோஃபிக்கு வாக்குக்கண். தங்கையை அந்தக் கத்திக்குக் கொடுக்க அண்ணனுக்கு மனமில்லை. அவர் படித்தது சுரங்க எஞ்சினியரிங். அதை விட்டுவிட்டு வைத்தியம் படித்தார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டும் ஸ்ரீரியோஸ்கோப் கருவியை வைத்துத் தங்கைக்குப் பயிற்சி கொடுத்தார். ஓர்தோப்தீ என்கிற எங்கள் தொழிலுக்கு அவர்தான் தந்தை. வாக்குக்கண்ணைப் பற்றிய அவரது கைநூல் 1896இல் வந்தது. பிறகு நடந்தது கொடுமை. குளுக்கோமா நோயால் 1900இல் ஜவால் இரண்டு கண்ணும் தெரியாமல் போனார். பார்வை போன பிறகும் சும்மா இருக்கவில்லை, புதிதாகப் பார்வை இழந்தவர்கள் எப்படி வாழ்வது என்று ஒரு புத்தகம் எழுதினார், வாசிப்பில் கண் எப்படி வேலை செய்கிறது என்று இன்னொன்று எழுதினார். 1907இல் காலமானார். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் கண்ணை ஒருவர் உண்மையாகக் கவலைப்பட்டுப் பார்த்ததிலிருந்து ஒரு தொழிலே பிறந்திருக்கிறது என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

சரி, பள்ளிக்கூடச் சோதனைக்கு வருவோம். ஊரில் கண் சோதித்தவர்களுக்கு ஆறுக்கு ஆறு என்ற கணக்குப் பழக்கம். இங்கே பத்துக்குப் பத்து. ஃபெர்டினான் மொனுவாயே என்ற பிரெஞ்சு வைத்தியர் போட்ட கணக்கு அது. கண்ணாடிப் பவரை அளக்கும் டயப்டரும் அவர் கொடுத்ததுதான். மனிதருக்குக் கொஞ்சம் குறும்பும் இருந்தது. அவருடைய எழுத்து அட்டையில் வரிகளின் இரண்டு ஓரத்திலும் உள்ள எழுத்துகளைக் கீழிருந்து மேலே வாசித்தால் அவருடைய பெயர் வரும். ஊர்க் கணக்கில் ஆறுக்குப் பன்னிரண்டு என்றால் இங்கே பத்துக்கு ஐந்து. பாதிப் பார்வை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, பயப்பட வேண்டாம். நாலு வயதுப் பிள்ளை பத்துக்குப் பத்து வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. நாங்கள் கவலைப்படுவது இரண்டு கண்ணுக்கும் இடையில் இரண்டு வரி அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான்.

அந்த அட்டையை ஏமாற்றுவதும் லேசு. ஒரு கண்ணைப் பிள்ளையே தன் கையால் மூடினால் விரலிடுக்கால் பார்க்கும். களவு என்று சொல்லக்கூடாது, தெரியாத கண்ணால் பார்க்கச் சொன்னால் யாரும் தெரிகிற வழியைத்தான் தேடுவார்கள். முன்னால் நின்ற பிள்ளை சொன்னதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறதும் உண்டு. தேவாரம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு இது பெரிய வேலையா? இன்னொரு சிக்கல், தூரப்பார்வை. பிள்ளையின் கண் வில்லை இளகியது, இறுக்கிப் பிடித்து அட்டையைக் கடைசி வரி வரை வாசித்துவிடும். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தலையிடி. "வாசிக்கச் சொன்னா எழும்பி ஓடுறான், படிப்பிலே விருப்பமில்லை" என்று ரீச்சரும் சொல்வார், நாங்களும் சொல்வோம். அந்தப் பிள்ளைகளில் ஒரு பங்கு எங்களிடம் வரவேண்டியவர்கள்.

இந்த இடத்தில் தமிழ்ச்சோலை என்கிற எங்கள் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பிரெஞ்சுப் பள்ளியில் எழுத்து அச்சில் பெரிதாக இருக்கும். எங்கள் எழுத்தில் சுழியும் கொம்பும் புள்ளியும் இருக்கின்றன. ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் தெரியாமல் பிள்ளை தடுமாறினால் உச்சரிப்புப் பிழை என்றுதான் முதலில் நினைப்பீர்கள். அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கொப்பியை மூக்கில் முட்டப் பிடிக்கிறதா, ஒரு பக்கம் தலையைச் சரிக்கிறதா, ஒரு கண்ணைச் சுருக்குகிறதா, பலகைக்குக் கிட்டப் போய் எழுதிவிட்டு வருகிறதா என்று பாருங்கள். கிழமையில் ஒரு நாள் பார்க்கிற உங்களுக்கு, தினமும் பார்க்கிற பெற்றாருக்குப் படாதது படும்.

பள்ளி வைத்தியர் பார்ப்பார்தானே என்று சும்மா இருக்காதீர்கள். சட்டப்படி ஆறு வயதில் பள்ளி வைத்தியர் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க வேண்டும். நடைமுறையில் வைத்தியர்கள் போதாது. பிரான்சின் கணக்காய்வு நீதிமன்றம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அப்படிப் பார்க்கப்பட்ட பிள்ளைகள் 2013இல் 26 சதவீதம், 2018இல் 18 சதவீதம். அதாவது ஐந்து பிள்ளைகளில் நாலு பேருக்கு அந்தச் சோதனையே நடக்கவில்லை. கடிதம் வந்த வீடு உண்மையில் அதிர்ஷ்டம் செய்த வீடு. மத்தெர்னெலில் மூன்று நாலு வயதில் தாய் சேய் நலச் சேவையான பே-எம்-இ ஆட்கள் வந்து சோதிப்பது உண்டு, பிள்ளை அன்றைக்குக் காய்ச்சலில் நின்றால் அதுவும் போச்சு.

ஆகவே முறைப்பாட்டுக்குக் காத்திராமல் வயதை வைத்துப் போங்கள். பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் தந்த கார்னே து சாந்தே என்கிற சுகாதாரக் கொப்பி இருக்கிறதே, அதில் எட்டு நாள், ஒன்பது மாதம், இரண்டு வயது என்று சோதனைகள் போட்டிருக்கின்றன, கண்ணுக்கும் அதில் இடம் இருக்கிறது. அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். 2022ஆம் ஆண்டுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, 9 முதல் 15 மாதக் குழந்தையையும், இரண்டரை முதல் ஐந்து வயதுப் பிள்ளையையும் வைத்தியரின் சீட்டு இல்லாமலே ஓர்தோப்திஸ்திடம் நேரே கொண்டுபோய்ச் சோதிக்கலாம். என் தொழிலுக்கு விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். கண் வைத்தியரின் றொந்தேவுக்கு, அதாவது சந்திப்பு நேரத்துக்கு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடங்களில் இந்தக் கதவு கெதியாகத் திறக்கும். நாங்கள் கண்டுபிடித்தால் கண் வைத்தியரிடம் அனுப்புவோம், எங்கள் கடிதத்தோடு போகும் பிள்ளைக்கு றொந்தேவும் சில நேரம் முன்னுக்குக் கிடைக்கும்.

யார் யார் என்பதில் நம்மவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். ஒப்தல்மோலொக் என்பவர் வைத்தியர். நோய் கண்டுபிடிப்பதும் மருந்தும் ஆபரேஷனும் அவரிடம். ஓர்தோப்திஸ்த் பார்வையை அளப்பார், கண்ணசைவைப் பார்ப்பார், பிளாஸ்ரர் வைத்தியத்தைக் கவனிப்பார். ஒப்தீசியன் கண்ணாடி செய்து தருபவர். வளர்ந்தவர்களுக்கு ஒப்தீசியன் கடையிலேயே பவரைப் பார்த்து மாற்றித் தரலாம், 16 வயதுக்குக் கீழே அதற்கு அனுமதி இல்லை. பிள்ளையின் கண்ணாடிச் சீட்டு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். கடிதம் வந்ததும் நேரே கண்ணாடிக் கடைக்குப் போய், "பிள்ளைக்கு ஒரு கண்ணாடி தாங்கோ" என்று கேட்டுத் திரும்பி வருகிற பெற்றார் இருக்கிறார்கள். அலைச்சல்தான் மிச்சம்.

16 வயதுக்குக் கீழான பிள்ளையைக் கண் வைத்தியரிடம் கொண்டுபோகக் குடும்ப வைத்தியரின் கடிதம் கட்டாயம் இல்லை, செக்யு, அதாவது சமூகக் காப்புறுதி, காசைக் குறைக்காது. தொக்தொலிப் இணையத்தளத்தில் வைத்தியரைத் தேடும்போது பிள்ளையின் வயதைச் சரியாகப் போடுங்கள், சில கண் வைத்தியர்கள் சின்னக் குழந்தைகளைப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி என்றால், இங்கிருந்து மெத்ரோ இரண்டில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கேர்னல் ஃபபியன், அங்கிருந்து நடந்தால் ரூ மனன். அதில் 1905இல் தொடங்கிய ரொத்சில்த் கண் ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்கென்றே நெக்கரும் றொபேர் தெப்ரேயும் இருக்கின்றன. பஸ்தீய் பக்கம் கேன்ஸ்-வன், ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்ற முன்னூறு பேருக்காக 1260 அளவில் தொடங்கிய இல்லம், இன்றைக்குக் கண்ணுக்கென்றே இருக்கிற தேசிய ஆஸ்பத்திரி. அங்கே கண் அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும். விசா இல்லாத வீட்டுப் பிள்ளையும் வரலாம். மூன்று மாதம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று பெற்றாருக்கு இருக்கிற கணக்கு பிள்ளைக்கு இல்லை, ஆ-எம்-இ என்கிற அரச வைத்திய உதவி உடனே உண்டு. பிரெஞ்சு போதாவிட்டால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அரச ஆஸ்பத்திரிகள் ஏற்பாடு செய்யும். றொந்தேவு எடுக்கும்போதே கேட்க வேண்டும். பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்.

இனி சொட்டு மருந்து. எத்தனையோ பேர் இதில்தான் நின்றுவிடுகிறார்கள். பிள்ளையின் உண்மையான பவரை அறிய அந்த இறுக்கிப் பிடிக்கும் வில்லையைக் கொஞ்ச நேரம் தளர்த்த வேண்டும். அதற்குத்தான் சொட்டு. ஒன்று, கிளினிக்கில் சில நிமிட இடைவெளியில் விட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருந்து பார்ப்பது. மற்றது அத்ரோபின், வீட்டில் சில நாள் முன்னுக்கே விட்டுக்கொண்டு வருவது. எங்களைப் போலக் கருங்கண் உள்ளவர்களுக்குச் சொட்டு மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் திரும்ப விடச் சொல்வார்கள் அல்லது அத்ரோபின் எழுதுவார்கள். கண்மணி விரிந்து போகும், வெளிச்சம் கூசும், கிட்ட இருக்கிறது மங்கும். கிளினிக் சொட்டென்றால் ஒரு நாள் அளவில் தீரும், அத்ரோபினுக்கு ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கலாம். அம்மம்மா பயந்து, "பிள்ளையின்ரை கண்ணைக் கெடுத்துப் போட்டாங்கள்" என்பார். கெடவில்லை. ஆனால் கன்னம் சிவந்து காய்ச்சல் கண்டால் அத்ரோபினை நிறுத்தி உடனே தொலைபேசியில் கேளுங்கள், போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சொட்டு விடாமல் மெஷினில் பார்த்து எழுதின பவரை, சின்னப் பிள்ளைக்கு நான் நம்பமாட்டேன்.

இந்த மெஷின் கதை ஆகஸ்ட் விடுமுறையோடும் சம்பந்தப்பட்டது. ஊருக்கோ சென்னைக்கோ போகிற போது, "அங்கே மலிவு, பிள்ளைக்கும் ஒன்று செய்து வருவோம்" என்று கடையில் மெஷினில் பார்த்துக் கண்ணாடி செய்துகொண்டு வருகிறோம். முதலாவது, சங்கர நேத்ராலயாவும் அரவிந்தும் உலகத் தரமான கண் ஆஸ்பத்திரிகள், அங்கே குழந்தைக் கண் வைத்தியம் மிக நன்றாக நடக்கிறது. கடைவீதிக் கண்ணாடிக் கடை அது இல்லை. இரண்டாவது, அம்ப்லியோப்பி வைத்தியம் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே போக வேண்டிய வைத்தியம், அடுத்த ஆகஸ்ட் வரை காத்திராது. மூன்றாவது, இங்கே மலிவு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 ஜனவரியிலிருந்து செக்யுவும் மியூத்துவெல் என்கிற துணைக் காப்புறுதியும் சேர்ந்து முழுக் காசும் கொடுக்கிற கண்ணாடி வகை ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குறைந்தது பத்து மாதிரிச் சட்டங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கடைக்காரர் நாலு விலையுயர்ந்தவற்றைக் காட்டின பிறகு, "மற்றதைக் காட்டுங்கோ" என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

அரவிந்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இன்றைய பேச்சுக்கு இதுதான் நடு. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு கட்டிலோடு அதைத் தொடங்கினார். ஊர் ஊராகக் கண் முகாம் போட்டார்கள், புரை விழுந்தவர்களைக் கண்டுபிடித்தார்கள், இலவசமாக ஆபரேஷன் செய்கிறோம் மதுரைக்கு வாருங்கள் என்றார்கள். எத்தனையோ பேர் வரவில்லை. பஸ் காசு இல்லை, கூட வர ஆள் இல்லை, போன இடத்தில் சாப்பாடு என்ன, பிறகு பயம் வேறு. இலவசம் என்ற சொல் மட்டும் ஒரு கிழவியை நாற்பது கிலோமீற்றர் நகர்த்தாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றினார்கள், சாப்பாடு போட்டார்கள், ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து ஊரில் இறக்கினார்கள். பரிந்துரைக் கடிதம் நிறையப் பேர் எழுதுவார்கள். அரவிந்த் பஸ் விட்டது.

லா சப்பலில் எங்களுக்குப் பஸ் தேவையில்லை, மெத்ரோ இருக்கிறது. பிரெஞ்சில் றொந்தேவு எடுத்துத் தர ஓர் ஆள் தேவை. வேலைக்கு லீவு எடுக்க முடியாத தாய்க்குப் பதிலாகக் கூடப் போக ஒரு சித்தியோ பெரியம்மாவோ தேவை, அதற்குப் பெற்றார் கையெழுத்திட்ட ஒரு துண்டு தேவை. ரூ பஜோல் மாணிக்க விநாயகர் கோயிலுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், லிசேயில், அதாவது உயர்பள்ளியில், படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! சனிக்கிழமையில் ஒரு மேசை போட்டு, "பள்ளிக் கடிதம் வந்தவர்கள் கொண்டுவாருங்கள், வாசித்து, றொந்தேவு எடுத்துத் தருகிறோம்" என்றால் பாதி வேலை முடிந்தது. இதற்குச் சங்கம் தொடங்கித் தலைவர், செயலாளர் தெரிவு செய்து இரண்டு வருடம் சண்டை பிடிக்க வேண்டாம். மேசை ஒன்று, தொலைபேசி ஒன்று.

வைத்தியம் தொடங்கின பிறகும் தடங்கல் வருகிறது, அது வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. "இப்பவே கண்ணாடி போட்டால் பவர் கூடும்" என்பார்கள். கூடாது. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு இருபது வருடம் முன்னுக்கே வந்து நிற்கும். வாக்குக்கண் அதிர்ஷ்டம் என்று ஒரு கட்சி, வளர வளரச் சரியாகும் என்று இன்னொரு கட்சி. நாலு மாதத்துக்குப் பிறகும் கண் திரும்பி நிற்கிற குழந்தையை யாராவது பார்க்கத்தான் வேண்டும். மூக்குத்தண்டு அகலமான குழந்தைகளில் வாக்குக்கண் போலத் தோன்றுவதும் உண்டு, அது வேறு. எது என்று சொல்வது எங்கள் வேலை. பிளாஸ்ரர் ஒட்டும்போது நல்ல கண்ணின் தோலில் நேரே ஒட்ட வேண்டும், கண்ணாடிக்கு மேல் ஒட்டினால் பிள்ளை இடுக்கால் பார்க்கும். நடுத்தர அளவு அம்ப்லியோப்பிக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ஒட்டுவது ஆறு மணி நேரத்துக்குச் சமமான பலன் தந்தது என்று 2003இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியை ஒழுங்காகப் போட்டாலே சில மாதங்களில் பார்வை ஏறிவிடும். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் வைத்தியர் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் ஒட்டச் சொன்னதைப் பிள்ளை அழுததும் பாவம் பார்த்து உரிக்கிற அம்மம்மாவையும் ஒரு நாள் கிளினிக்குக் கூட்டிவாருங்கள். மங்கின கண்ணால் பிள்ளை என்ன வாசிக்கிறது என்று அவருக்கே காட்டினால் அவரைப் போலக் கண்டிப்பான தாதி வேறு கிடையாது.

மாதம் கடத்தக்கூடாத சில உண்டு. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாக விழுவது இயல்பு. ஒரு கண்மணி வெள்ளையாகத் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்தப் படத்தையும் பிள்ளையையும் கொண்டு அந்த வாரமே போங்கள். பெரும்பாலும் ஒன்றுமிராது, படம் எடுத்த கோணமாக இருக்கும். சில நேரம் பிறவிப் புரையாக இருக்கும், கைக்குழந்தையில் அதை முதல் இரண்டு மாதங்களுக்குள் எடுத்தால்தான் பார்வை நன்றாக வரும். அரிதாக அது ரெற்றினோபிளாஸ்ரோமா என்கிற புற்றுநோய். பிரான்சில் ஆண்டுக்கு ஐம்பது பிள்ளைகள் அளவில் வருகிறது, பாரிஸில் கியூரி நிறுவனம்தான் அதற்கான தேசிய மையம். வேளைக்குப் பிடித்தால் இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் உயிர் பிழைக்கிறார்கள். இதற்குப் பள்ளிக் கடிதம் வரும் என்று காத்திருக்க முடியாது.

கண்ணாடியாலும் பிளாஸ்ரராலும் சரிவராத பார்வைக் குறைவு சில பிள்ளைகளுக்கு இருக்கும். விழித்திரை நோய், ஆடும் கண், மாலைக்கண்ணில் தொடங்கிச் சுருங்கிக்கொண்டு வரும் பார்வை. வைத்தியர் உங்களைப் பார்த்து, நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்பார். மச்சாளைக் கட்டினதைச் சொல்ல வெட்கப்பட்டு, "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் பழி சொல்வதற்குக் கேட்கவில்லை, எந்த மரபணுவைத் தேடுவது என்று அறியக் கேட்கிறார். ஒரு மரபணுக் கோளாறுக்கு, ஆர்பிஇ65 என்பது அதன் பெயர், 2018இல் ஐரோப்பாவில் மரபணு மருந்துக்கே அனுமதி கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றாருக்கு இருக்கிற பெரிய பயம், பிள்ளையைப் பிரித்து எங்கேயாவது விடுதியில் போட்டுவிடுவார்கள் என்பது. சுன்னாகத்தில் பார்வையற்ற பிள்ளைகளின் விடுதியான வாழ்வகத்துக்கு இங்கிருந்து காசு அனுப்புகிறவர்கள் இருக்கிறீர்கள், அது நல்ல காரியம். ஆனால் இங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிள்ளை வீட்டிலிருந்தே பக்கத்துப் பள்ளிக்குப் போவதுதான் முதல் வழி. பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கு உதவும் ஆசிரியர் பள்ளிக்கே வருவார், பெரிய எழுத்துப் புத்தகம், கணினி, வகுப்பில் ஓர் உதவியாளர், கஃப் கொடுக்கிற கொடுப்பனவு, எல்லாவற்றுக்கும் எம்-டே-பே-ஆஷ் என்ற அலுவலகத்தில் ஒரே கோவை போட வேண்டும். கோவை ஆறுதலாகத்தான் நகரும், ஆகவே கெதியாகப் போடுங்கள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு உலகின் முதல் பள்ளி இந்த ஊரில்தான் தொடங்கியது, 1785இல், வலன்தன் அவுயி தொடங்கினார். டிஸ்னிலாந்துக்குப் பக்கத்தில் கூப்வ்ரே என்ற கிராமம் இருக்கிறது. அங்கே குதிரைச் சேணம் தைக்கிறவரின் மூன்று வயது மகன் தகப்பனின் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டான், கிருமி மற்றக் கண்ணுக்கும் பரவி ஐந்து வயதில் இரண்டும் போனது. கிராமத்துப் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் அவனைச் சும்மா விடவில்லை. அந்த ஊர்ப் பிரபுவைப் பிடித்து பாரிஸ் பள்ளிக்குக் கடிதம் எழுதுவித்தார்கள். கடிதம் எழுதியதோடு விடாமல், 1819 பெப்ரவரியில் தகப்பன் பையனைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்கு வந்தார். பத்து வயது லூயி பிறெயில். பத்து வருடம் கழித்து, 1829இல், அவருடைய புள்ளி எழுத்து முறை அச்சில் வந்தது. இன்றைக்கு அந்தப் புள்ளிகளில் தமிழும் வாசிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. மூத்த பிள்ளைக்குக் கண்ணாடி எழுதியாகிவிட்டதா? இளையவரையும் கொண்டுபோங்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ, தாய்க்கோ தகப்பனுக்கோ வாக்குக்கண், அம்ப்லியோப்பி, சிறுவயதில் கூடின பவர் இருந்த வீட்டில், குழந்தைக்குக் கண் நன்றாகத் தெரிவது போல இருந்தாலும் ஒரு வயது, ஒன்றேகால் வயதுக்குள் சொட்டு விட்டுப் பார்ப்பது இங்கே வழமை. றொந்தேவு எடுக்கும்போது "குடும்பத்தில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். போகிற அன்று கார்னே து சாந்தே, காப்புறுதி அட்டையான கார்த் விதால், பழைய கண்ணாடி, அந்தப் பள்ளிக் கடிதம் நாலையும் கையில் வைத்திருங்கள். கடிதம் தொலைந்திருந்தாலும் போங்கள்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறோம். கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் போகாமல் நில்லுங்கள், அந்த வலது பக்க மேசையில் இருந்து வாசிப்போம்.